முன்வாசல் லேண்டிங்: அடிக்கு ரெண்டு நூல் வாட்டம்

முன்கதவுக்கு வெளியே இருக்கும் கான்கிரீட் லேண்டிங் மேல் 4 அடி டிஜிட்டல் ரசமட்டத்தை வைத்தேன். திரையில் 2.1 சதவீதம். அளவு பரவாயில்லை, திசைதான் கோளாறு. வாட்டம் தெருப்பக்கம் போகாமல் கதவுப் பக்கம் வந்தது. 48 அங்குல ஆழமுள்ள மேடையில் வீட்டை ஒட்டிய விளிம்பு முன்விளிம்பைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தது. பெய்கிற மழையெல்லாம் சுவரோரம் வந்து தேங்கி, வீட்டுக்கும் மேடைக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக அஸ்திவாரத்துக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. தேங்குகிற இடத்தில் பாசி பிடித்து வழுக்கவும் செய்தது. ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் வலி. கதவைத் திறந்து முதல் கால் வைக்கிற இடமே வழுக்கினால் எப்படி? அதனால் இந்த வேலையைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

வீடு டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே உள்ள ஒரு புறநகரில். இந்தப் பகுதியின் மண்ணைப் பற்றிச் சொல்லாமல் லேண்டிங்கைப் பற்றிப் பேச முடியாது. பிளாக்லேண்ட் பிரெய்ரி என்று அழைக்கப்படும் இந்த நிலம் முழுக்கக் கருமண். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலும் இதுவும் வெர்டிசால் என்ற ஒரே மண் வகை. தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். ஆகஸ்ட் மாதத்தில் புல்வெளி ஓரத்து வெடிப்பில் கையை நுழைத்துவிடலாம். அஸ்திவாரத்தைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டுக் கோடை முழுக்க மண்ணுக்குத் தண்ணீர் காட்டுவது இங்கே வீட்டுக்காரர்களின் வழக்கமான வேலை. செடிக்காக அல்ல, வீடு அசையாமல் இருக்க.

வீட்டின் அடித்தளம் கனமான ஒரே கான்கிரீட் பலகை. லேண்டிங் அப்படியில்லை. வீட்டைக் கட்டி முடித்த பிறகு, அஸ்திவாரத்துக்காகத் தோண்டி மறுபடி நிரப்பிய தளர்மண்ணின் மேல் தனியாக வார்த்த சின்னத் துண்டு அது. சுவரை ஒட்டிய மண்ணைச் சரியாகத் திமிசு போடாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கம்தான் முதலில் அமுங்கும். எங்கள் வீட்டிலும் அதுதான். அடித்தளத்தின் பக்கவாட்டில் பழைய மேடை ஒட்டியிருந்த கோடு இன்னும் தெரிகிறது, இப்போதைய மட்டத்துக்கு 2 அங்குலம் மேலே. முன்விளிம்பு அசையவில்லை. பின்விளிம்பு மட்டும் 2 அங்குலம் இறங்கியதால், வெளியே ஓர் அங்குலம் சாய்ந்திருந்த மேடை உள்ளே ஓர் அங்குலம் சாய்ந்துவிட்டது. அப்புறம் மழைநீர் அந்தப் பக்கமே வர, மண் இன்னும் நெகிழ, மேலும் இறங்க என்று சுழல் தொடங்கிவிட்டது. கூரைத் தண்ணீர்க் குழாய் ஒன்றும் அதே மூலையில் வந்து கொட்டிக்கொண்டிருந்தது.

உடைத்துப் புதிதாக வார்ப்பது என்று முடிவானதும் முதலில் விதிகளைப் படித்தேன். அமெரிக்காவில் ஒன்றிரண்டு குடும்பம் வசிக்கும் வீடுகளுக்கு ஐ.ஆர்.சி. எனப்படும் சர்வதேச குடியிருப்பு விதித்தொகுப்புதான் பெரும்பாலான ஊர்களில் அடிப்படை. இன்டர்நேஷனல் கோட் கவுன்சில் வெளியிடுகிறது. முதல் பதிப்பு 2000-ல் வந்தது, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். டெக்சாஸில் எந்தப் பதிப்பு, என்னென்ன திருத்தம் என்பதை அந்தந்த நகராட்சி முடிவு செய்கிறது. ஆகவே இதைப் படிப்பவர்கள் நான் தரும் எண்களை உங்கள் ஊர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிக்கதவு ஒவ்வொன்றுக்கும் இருபுறமும் தரையோ லேண்டிங்கோ இருக்க வேண்டும் என்கிறது ஆர்311.3 பிரிவு (பிரிவு எண்கள் 2021 பதிப்பின்படி). அகலம் கதவின் அகலத்துக்குக் குறையக் கூடாது, நடக்கும் திசையில் ஆழம் 36 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. வெளி லேண்டிங்கின் வாட்டம் 12 அங்குலத்துக்குக் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதாவது அடிக்கு ரெண்டு நூல், சதவீதத்தில் 2. படிக்கட்டின் மிதிகளுக்கும் அதன் மேலும் கீழும் உள்ள லேண்டிங்குகளுக்கும் ஆர்311.7.7 அதே எல்லையை 48-க்கு 1 என்று எழுதியிருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் எளிது. ஆனால் வடிகால் பற்றிய ஆர்401.3 பிரிவு வேறு பக்கத்திலிருந்து வருகிறது. வீட்டைச் சுற்றியுள்ள மண் முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் இறங்க வேண்டும். அந்த 10 அடிக்குள் கான்கிரீட் போலத் தண்ணீர் இறங்காத பரப்பு இருந்தால் அது வீட்டை விட்டு விலகிக் குறைந்தபட்சம் 2 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு பிரிவு 2-க்கு மேல் போகாதே என்கிறது, இன்னொன்று 2-க்குக் கீழே போகாதே என்கிறது. கதவுக்கு வெளியே உள்ள நாலடி மேடை இரண்டுக்கும் உட்பட்டது!

கணக்குப் போட்டுப் பார்த்தால் இடுக்கு எவ்வளவு குறுகலானது என்பது புரியும். 48-க்கு 1 என்பது உண்மையில் 2.083 சதவீதம். என் மேடையின் 48 அங்குலத்துக்கு அது சரியாக ஓர் அங்குலம். 2 சதவீதம் என்றால் 0.96 அங்குலம். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற எனக்குக் கிடைக்கும் இடம் 0.04 அங்குலம், ஒரு மில்லிமீட்டர்தான். மட்டக்கோலால் இழுத்துச் சமன் செய்யும் கான்கிரீட்டில் ஒரு நூல், அதாவது 3 மில்லிமீட்டர், முன்னே பின்னே வருவது கைதேர்ந்த கொத்தனாருக்கே சாதாரணம். கை நடுக்கத்தைவிடச் சிறிய எல்லைக்குள் கான்கிரீட்டை நிறுத்த யாராலும் முடியாது.

இதற்கு வழி விதித்தொகுப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பொதுவான நிபந்தனையும் குறிப்பிட்ட நிபந்தனையும் மோதினால் குறிப்பிட்டதே செல்லும் என்கிறது ஆர்102.1. கதவுக்கு முன்னால் உள்ள லேண்டிங் என்று பெயர் சொல்லிப் பேசுவது ஆர்311.3. மனையின் பரப்பு முழுவதையும் பற்றிப் பேசுவது ஆர்401.3. எனவே மேல் எல்லையை மீறாமல், தண்ணீர் நிச்சயமாக வெளியே ஓடும் அளவு வாட்டம் கொடுப்பதுதான் சரி என்று எனக்குப் பட்டது. அனுமதி வாங்கப் போனபோது நகராட்சி அலுவலரிடமும் கேட்டேன். அவர் சொன்னதும் அதே: கால் அங்குலத்தைத் தாண்டாதே, சுவரோரம் தண்ணீரை நிற்க விடாதே, அது போதும். படிக்கட்டு லேண்டிங்குக்கு மட்டும் புதிய பதிப்பு ஒரு விலக்கு தருகிறது. தண்ணீர் வடிய வேண்டும் என்று விதியே வேறு இடத்தில் கேட்டால், நடக்கும் திசையில் 20-க்கு 1 வரை, அதாவது 5 சதவீதம் வரை, போகலாம். நல்ல திருத்தம். ஆனால் கதவு லேண்டிங்குக்கான பிரிவில் கால் அங்குலம் அப்படியே நிற்கிறது, அதனால் அந்த விலக்கை நான் நம்பவில்லை.

ஏன் இந்த 2 சதவீதம்? ஒரு சதவீதத்துக்குக் கீழே போனால் கான்கிரீட்டில் தண்ணீர் அங்கங்கே குட்டை கட்டும். பரப்பு கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களோடுதான் இருக்கும், மெல்லிய வாட்டம் அவற்றைத் தாண்டித் தண்ணீரை இழுக்காது. இதே கால் அங்குலக் கணக்குதான் வீட்டின் சிறிய கழிவுநீர்க் குழாய்களுக்கும். 2½ அங்குலமும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ளவற்றுக்கு அடிக்குக் கால் அங்குலம் இறக்கம் கேட்கிறது விதி. எனவே கீழ் எல்லைக்கான காரணம் தண்ணீர்.

மேல் எல்லைக்கான காரணம் மனிதர். லேண்டிங் நடந்து கடக்கிற இடம் மட்டுமல்ல, நிற்கிற இடமும்கூட. சாவியைத் தேடுகிறோம், ஒரு கையில் பால் கேனும் மறு கையில் கதவுப் பிடியுமாகத் திரும்புகிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவர் கதவைத் திறக்கக் கையைச் சக்கரத்திலிருந்து எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் நாற்காலி தானாக உருளக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டமான ஏ.டி.ஏ. 1990-ல் வந்தது. அதன் 1991 தர அளவுகள் சாய்தள லேண்டிங்குகள் சமமட்டமாக இருக்க வேண்டும் என்றன. 2010 தர அளவுகள் அவற்றுக்கு 48-க்கு 1 வரை வாட்டம் அனுமதித்தன, அடிக்குக் கால் அங்குலம் என்ற கட்டடக்காரர்களின் கணக்கோடு பொருந்துகிறபடி. தனி வீடுகளுக்கு ஏ.டி.ஏ. பொருந்தாது. ஆனால் வாக்கர் பிடித்து நடக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், கட்டாயமில்லை என்பதற்காக அந்தக் கவனத்தை விட்டுவிட முடியுமா?

இன்னொரு நுட்பம், அவசியம் சொல்ல வேண்டியது. வாட்டத்தை முன்பக்கமும் கொடுத்துப் பக்கவாட்டிலும் கொஞ்சம் கொடுத்தால் தண்ணீர் வேகமாகப் போகுமே என்று தோன்றும். முன்பக்கம் 2 சதவீதம், பக்கவாட்டில் 1 சதவீதம் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து குறுக்கே அதிகபட்சம் 2.24 சதவீதம் வந்துவிடும். ரசமட்டத்தைக் குறுக்காக வைத்ததும் எல்லை மீறியது தெரிந்துவிடும். இரண்டு திசையிலும் வாட்டம் வேண்டுமென்றால் இரண்டையும் குறைக்க வேண்டும். 1.8-ம் 0.8-ம் சேர்ந்தால் 1.97, அது சரி. நான் பக்கவாட்டில் பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டேன்.

அப்புறம் உயரங்கள். நடைபாதை மட்டத்தைப் பூஜ்யமாக வைத்தால் கதவின் நிலைப்படி 12 அங்குலத்தில் இருக்கிறது. பழைய மேடையின் பின்விளிம்பு 6½, முன்விளிம்பு 7½. ஆக, கதவிலிருந்து மேடைக்கு 5½ அங்குலம், மேடையிலிருந்து நடைபாதைக்கு 7½ அங்குலம். ஒரு கால் குறைவாகவும் மறு கால் அதிகமாகவும் இறங்க வேண்டும். இறங்குகிறவர்கள் தடுமாறுவது இந்த மாதிரி இடத்தில்தான். படி உயரம் 7¾ அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ஒரே வரிசைப் படிகளில் பெரியதுக்கும் சிறியதுக்கும் வித்தியாசம் ⅜ அங்குலம், அதாவது 3 நூலைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. நடுவில் லேண்டிங் வருவதால் இந்த இரண்டும் ஒரே வரிசை இல்லை என்று வாதாடலாம். காலுக்கு அந்த வாதம் புரியாது.

முக்கிய வெளியேறு கதவின் லேண்டிங் நிலைப்படிக்கு 1½ அங்குலத்துக்கு மேல் கீழே போகக் கூடாது என்பதுதான் அடிப்படை விதி. ஆனால் கதவு மேடையின் மேல் திறக்காமல் உள்பக்கம் திறந்தால் 7¾ அங்குலம் வரை இறங்கலாம். எங்கள் கதவு உள்ளேதான் திறக்கிறது. மேடையை நிலைப்படியை ஒட்டி உயர்த்தவும் யோசித்தேன். அப்படிச் செய்தால் முன்விளிம்பு ஒன்பதரை அங்குலத்துக்குப் போகும், இன்னொரு படி கட்ட வேண்டும். செங்கல் சுவரின் அடியிலுள்ள வடிதுளைகளும் மூடிப்போகும். சுவருக்குள் இறங்கும் ஈரம் வெளியேற அந்தத் துளைகள் திறந்திருந்தே ஆக வேண்டும்.

ஆகவே பின்விளிம்பை இப்போதிருக்கும் 6½ அங்குலத்திலேயே விட்டு, முன்விளிம்பைத் தாழ்த்துவது என்று முடிவு செய்தேன். எவ்வளவு? எல்லை 8 நூல். மட்டக்கோல் ஒரு நூல் விளையாடும். எனவே 7 நூல் வாட்டம், ⅞ அங்குலம். 48 அங்குலத்துக்கு அது 1.82 சதவீதம். முன்விளிம்பு 5⅝ அங்குலத்தில் நிற்கும். கதவிலிருந்து இறங்க 5½, மேடையிலிருந்து இறங்க 5⅝. இரண்டு படிக்கும் வித்தியாசம் ஒரே நூல். வலிக்கிற முழங்காலுக்கும் இந்த உயரம் இதமானது. இந்தக் கணக்கு இப்படி வந்து அமைந்தது பெரிய திருப்தி.

கீழே உள்ள நடைபாதையையும் அளந்தேன். ஒரே ஒரு ஏற்றம், அதாவது ஒரு படி உயரம், இருந்தாலும் விதியின் பார்வையில் அது படிக்கட்டுதான், அதன் அடியிலும் 36 அங்குல லேண்டிங் வேண்டும், அதற்கும் அதே 2 சதவீதம். நடைபாதையின் முதல் மூன்றடி 1.4 காட்டியது. நல்லவேளை, அதைத் தொட வேண்டியதில்லை.

பாலியூரித்தேன் நுரையை அடியில் செலுத்திப் பலகையைத் தூக்குவது ஒரு மாற்று வழி. விரிசல் இல்லாத பலகைக்கு அது நல்ல வழி, ஒரே நாளில் முடியும். எங்கள் மேடையில் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. தூக்கினால் பின்விளிம்பு மேலே வரும், முன்படியின் 7½ அங்குலம் அப்படியே இருக்கும். மேலே மெல்லிய பூச்சுப் போட்டு வாட்டத்தை மாற்றுவதும் சரிப்படாது. இங்கே முன்விளிம்பு தாழ வேண்டும், பூச்சு எதையும் தாழ்த்தாது.

மண்ணைத் தொடுவதற்கு முன்னால் 811-க்கு அழைத்தேன். இலவசச் சேவை. பூமிக்கடியில் போகும் குழாய்களின் மேல் வந்து வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள்: மின்சாரம் சிவப்பு, எரிவாயு மஞ்சள், தண்ணீர் நீலம், தொலைத்தொடர்பு ஆரஞ்சு, கழிவுநீர் பச்சை. எங்கள் மேடையின் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு ஒன்று வந்தது. அந்தப் பக்கம் முழுக்கக் கைக் கரண்டியால்தான் தோண்டினேன்.

வாடகைக்கு எடுத்த மின்சாரச் சுத்தியலுக்குப் பழைய மேடை அதிக நேரம் தாங்கவில்லை. உள்ளே கம்பி வலை இருந்தது, ஆனால் கான்கிரீட்டுக்கு நடுவில் இல்லை, அடியில் மண்ணோடு மண்ணாகத் துருப்பிடித்துக் கிடந்தது. அடியில் கிடக்கும் வலை விரிசலைப் பிடித்து நிறுத்தாது. சுவரை ஒட்டிய பகுதியில் மேடைக்கும் மண்ணுக்கும் நடுவே கையளவு வெற்றிடம். மண் இறங்கிப்போன பிறகு பலகை அந்தரத்தில் நின்று, பிறகு முறிந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேடை மறுபடி இறங்காமல் இருக்க வீட்டின் அடித்தளத்தில் துளை போட்டுக் கம்பி செருகி, புது மேடையை அதோடு கட்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பகுதி வீடுகளில் பெரும்பாலும் போஸ்ட்-டென்ஷன் அடித்தளம். கான்கிரீட்டுக்குள் எஃகு வடங்களைப் பெரும் விசையில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். துளைக்கும்போது வடம் அறுந்தால் அது வெளியே பாய்ந்து ஆளைக் காயப்படுத்தும், அடித்தளமும் பலவீனமாகும். கராஜ் தரையில் இதுபற்றிய எச்சரிக்கை முத்திரை பதித்திருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இருக்கிறது. நான் வீட்டைத் தொடவில்லை. மேடை தனியாகவே நிற்கட்டும், அதன் அடிமண்ணைச் சரியாகச் செய்வோம் என்று போனேன்.

உழைப்பில் பாதி அடிமண்ணுக்குப் போனது. தளர்ந்த மண்ணைக் கெட்டி மண் தட்டும்வரை வெளியே எடுத்தேன். எடுத்ததைக் கொஞ்சம் ஈரப்பதத்தோடு நாலு நாலு அங்குலமாகத் திரும்பக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்தேன். கரிசலை ஒரேயடியாகக் காய்ந்த நிலையில் இடிக்கக் கூடாது, பின்னால் ஈரம் பட்டதும் உப்பி மேடையைத் தூக்கும். சொதசொதவென்றும் இருக்கக் கூடாது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கணும், விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். அதற்கு மேல் 4 அங்குலம் உடைகல் ஜல்லி, பொடியோடு கலந்தது. அதை அதிர்வு இயந்திரத்தால் இறுக்கினேன். ஜல்லி அடுக்கின் மேற்பரப்புக்கும் அதே 7 நூல் வாட்டம் கொடுத்தேன், கான்கிரீட்டின் கனம் எங்கும் ஒன்றாக இருக்க வேண்டுமே.

பலகை அடைப்பதற்கு ‘டூ பை சிக்ஸ்’ மரம். பெயர்தான் 6, உண்மையான உயரம் 5½ அங்குலம். முன்பக்கப் பலகையை நடைபாதை மட்டத்திலிருந்து ஒரு நூல் தூக்கி ஆப்பு வைத்ததும் 5⅝ வந்துவிட்டது. பக்கப் பலகைகள் இரண்டும் பின்னால் 6½-ல் தொடங்கி முன்னால் 5⅝-ல் முடிய வேண்டும். இதை ரசமட்டத்தின் திரையை மட்டும் நம்பிச் செய்யவில்லை. திரையில் 0.1 சதவீதம் என்பது 48 அங்குலத்துக்கு அரை நூலுக்கும் குறைவு. கருவி ஒரு சின்ன மண் துகள் மேல் உட்கார்ந்தாலே மாறிவிடும். எனவே பழைய முறை. 4 அடி ரசமட்டத்தின் முன்நுனியில் சரியாக ⅞ அங்குலக் கனமுள்ள மரத்துண்டு ஒன்றைக் கட்டினேன். அதைப் பக்கப் பலகையின் மேல் வைத்து, குமிழி நடுவில் நின்றால் வாட்டம் சரி. இரண்டு பக்கமும் இப்படிப் பார்த்து முளையடித்து, ஸ்குரூ போட்டு இறுக்கினேன். பிறகு ரசமட்டத்தைத் திருப்பிப் போட்டு இன்னொரு தடவை பார்த்தேன். கருவியிலேயே பிழை இருந்தால் திருப்பிப் போடும்போது தெரிந்துவிடும். கடைசியாக மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து சமம் என்று உறுதி செய்தேன்.

வீட்டுப் பக்கம் அரை அங்குல நார்ப்பலகை, தார் ஊறியது. மேடையும் வீடும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக அசைய அது இடம் கொடுக்கும். அதன் மேல்விளிம்பை அரை அங்குலம் தாழ்த்தி வைத்தேன், பிறகு அந்தப் பள்ளத்தை அடைப்புப் பசையால் நிரப்புவதற்காக.

⅜ அங்குலக் கம்பி, 12 அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும், பிளாஸ்டிக் கால்களின் மேல். பழைய வலையின் கதி இதற்கு வரக் கூடாது. 5 அடிக்கு 4 அடி, 4 அங்குலக் கனம் என்றால் 6.67 கன அடி. 80 பவுண்டு மூட்டை ஒன்று 0.6 கன அடி தரும், ஆக 12 மூட்டை. விளிம்புகளைக் கனமாக வார்க்க மேலும் 4. மூட்டைக்கு 3 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். கலவை இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும், அப்போது ஒரு குவளை கூட ஊற்ற ஆசை வரும். வாட்டமான மேடைக்குத் தளர்ந்த கலவை எதிரி. நீங்கள் கொடுத்த 7 நூலையும் அது மெதுவாக முன்பக்கம் வழிந்து மாற்றிவிடும்.

டெக்சாஸ் வெயிலுக்குப் பயந்து விடியற்காலையிலேயே தொடங்கினோம். பக்கத்து வீட்டு நண்பர் கலவை இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டார். கீழ்ப்பக்கத்திலிருந்து, அதாவது முன்விளிம்பிலிருந்து, நிரப்பிக்கொண்டு மேலே வந்தேன். மட்டக்கோல் இரண்டு பக்கப் பலகைகளின் மேல் உட்கார்ந்து, ரம்பம் போல அசைந்து அசைந்து மேலேறியது. மேலேயிருந்து கீழே இழுத்தால் கலவை கீழே குவியும். இழுத்து முடித்ததும் ⅞ அங்குலத் துண்டு கட்டிய ரசமட்டத்தை ஈரக் கான்கிரீட்டின் மேலே நேரடியாக வைக்காமல், ஒரு நேர்க்கோலைப் படுக்க வைத்து அதன் மேல் வைத்துப் பார்த்தேன். நடுவில் லேசான பள்ளம். ஒரு கரண்டி கலவை போட்டு மறுபடி இழுத்தேன். பின் மூலையில் பள்ளம் இருந்தால் பின்னால் திருத்தவே முடியாது, தண்ணீர் மறுபடி சுவரோரம் நிற்கும். அந்த ஓர் அடிப் பட்டையில் அதிக நேரம் செலவழிப்பது வீண் இல்லை.

மேலே கசிந்த தண்ணீர் முழுக்க மறையும்வரை கரணையைத் தொடவில்லை. அதற்கு முன்பே தேய்த்தால் அந்தத் தண்ணீர் மேல்தோலுக்குள் அடைபட்டு, பின்னால் பொருபொருவென உதிரும். விளிம்புகளை வளைத்துவிட்டு, மரக் கரணையால் ஒரு தேய்ப்பு, கடைசியாகத் துடைப்பக் கோடு. கோடுகள் நடக்கும் திசைக்குக் குறுக்கே இருந்தால்தான் காலுக்குப் பிடிப்பு. ஆனால் தண்ணீர் ஓடுவதும் நடக்கும் திசையில்தான், குறுக்குக் கோடு அதைத் தடுக்கும். 1.8 சதவீதம் போன்ற மெல்லிய வாட்டத்தில் ஆழமான குறுக்குக் கோடு போட்டால் ஒவ்வொரு கோட்டிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். மென்மயிர்த் துடைப்பத்தால் லேசான குறுக்குக் கோடு போட்டேன். கையால் தடவினால் சொரசொரப்பு தெரிகிறது, தண்ணீர் ஊற்றினால் நிற்காமல் ஓடுகிறது.

ஈரச் சாக்கு, அதன் மேல் பிளாஸ்டிக் தாள், காலையும் மாலையும் தண்ணீர். ஒரு வாரம் அப்படியே வைத்தேன், போக வர கராஜ் வழிதான். பலத்துக்காக மட்டும் இதைச் செய்வதில்லை. மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து அடிப்பக்கம் ஈரமாகவே இருந்தால் பலகையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும். முன்விளிம்பு அரை நூல் எழும்பினாலும் வாட்டம் குறையும். வாட்டத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர்கள் நீராற்றுவதில் சோம்பல் பட்டால் அந்தக் கணக்கு கைவிட்டுப் போய்விடும்.

நார்ப்பலகைக்கு மேலே விட்ட பள்ளத்தை, கான்கிரீட் நன்றாகக் காய்ந்த பிறகு பாலியூரித்தேன் பசையால் அடைத்தேன். கடையில் இரண்டு வகை உண்டு: தானே பரவிச் சமனாகும் வகை, வழியாத வகை. சுவரை ஒட்டிய இணைப்பு வாட்டத்துக்குக் குறுக்கே மட்டமாக ஓடுவதால் அங்கே தானே பரவும் வகை அழகாக அமர்ந்தது. சரிவோடு போகும் இணைப்பு இருந்தால் வழியாத வகையை வாங்குங்கள், மற்றது கீழ்முனையில் போய்த் திரண்டுவிடும்.

மூலையில் கொட்டிக்கொண்டிருந்த கூரைக் குழாயைப் புதைகுழாயோடு இணைத்துத் தெருப்பக்கம் கொண்டுபோய் விட்டேன். இதைச் செய்யாமல் மேடையை மட்டும் மாற்றியிருந்தால் அதே மண் அதே இடத்தில் மறுபடி இறங்கியிருக்கும்.

ஆய்வாளர் தன்னுடைய 2 அடி ரசமட்டத்தோடு வந்தார். நடுவில், இரண்டு ஓரங்களில், அப்புறம் மூலைவாட்டில் வைத்துப் பார்த்தார். 1.7, 1.8, 1.9. மூலைவாட்டில் 1.4. எல்லாமே 2-க்குள். பிறகு தோட்டக் குழாயைத் திறந்து நிலைப்படிக்குக் கீழே தண்ணீர் விடச் சொன்னார். முன்விளிம்பில் ஒரே சீராக வழிந்தது. படி உயரம் இரண்டையும் டேப்பால் அளந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான்கு ஏற்றங்களுக்குக் குறைவாக இருந்தால் கைப்பிடி கட்டாயமில்லை என்றும் சொன்னார். கட்டாயமில்லைதான், ஆனாலும் ஒரு பக்கம் கைப்பிடி போட்டிருக்கிறேன். அம்மா இப்போது அதைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கி நடைபாதைக்குப் போகிறார்.

அடுத்த வேலை பக்கவாட்டுக் கதவு. அது முக்கிய வெளியேறு கதவு இல்லை. வெளியே இரண்டு ஏற்றங்களுக்கு மேல் இல்லாமலும் கதவு படியின் மேல் திறக்காமலும் இருந்தால் அங்கே லேண்டிங்கே வேண்டாம் என்று விதி விட்டுவிடுகிறது. இருந்தாலும் அந்தப் பக்கமும் மேடை வார்க்கத்தான் போகிறேன். ⅞ அங்குல மரத்துண்டை ரசமட்டத்திலிருந்து இன்னும் அவிழ்க்கவில்லை. அங்கே ஆழம் 36 அங்குலம்தான், எல்லை முக்கால் அங்குலம், எனவே துண்டை ⅝-க்குச் செதுக்கிக்கொண்டு, ரசமட்டத்தின் முன்நுனிக்குப் பதிலாக 36 அங்குலக் குறியில் கட்ட வேண்டும்.